எசேக்கியா உதவித்தொகைக்கு ஒரு பகைவர் தேவை

வின்ட்வர்ட், காரியாகூ தீவு
செப்டம்பர் 2

அன்புள்ள தம்பி கத்பர்ட்டுக்கு,

உன் அக்கா யூஃபிமியா எழுதிக்கொள்வது. இங்கே மழைத்தொட்டி நிரம்பியிருக்கிறது; என் வாயில் உள்ள பற்களில் ஏழு இன்னும் என்னுடையவை; கண்பார்வை உன் கையெழுத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் படிக்கிறது. எண்பத்தொரு வயதில் இதைச் சுகம் என்றே சொல்ல வேண்டும். அங்கே டொரொண்டோவில் உன் இடது முழங்காலும் உன் மனைவி க்ளோட்டில்டாவின் இரத்த அழுத்தமும் மருத்துவர் பேச்சைக் கேட்டு அடங்கி நடக்கின்றன என்று நம்புகிறேன். ஆகஸ்ட் மாதத்தில் நீ என்னைப் பதினேழு முறை தொலைபேசியில் அழைத்தாய். பதினேழு முறையும் நான் வீட்டில்தான் இருந்தேன். ஏன் எடுக்கவில்லை என்பது இந்தக் கடிதத்தில் அதற்குரிய இடத்தில் வரும். அங்கே தாவிவிடாமல் வரிசையாகப் படி. படிப்பதற்கு முன் உட்கார்ந்துகொள்.

சுருக்கமாகச் சொன்னால், நீ தோற்றுவிட்டாய். அப்பா பெயரில் பல்கலைக்கழகத்தில் உள்ள உதவித்தொகை இந்த ஆண்டு வரலாறு படிக்கும் ஒரு பெண்ணுக்கு, அப்பா எழுதிவைத்த நிபந்தனைகளில் ஒன்றுகூடத் தளர்த்தப்படாமல் வழங்கப்பட்டுவிட்டது. விரிவாகச் சொன்னால் இன்னும் இனிமையாக இருக்கும் என்பதால் விரிவாகவே சொல்கிறேன்.

அப்பாவின் அறக்கட்டளைப் பத்திரத்தை நீ கடைசியாக எப்போது படித்தாயோ தெரியாது. கேப்டன் எசேக்கியா மக்லாரன் ஏன் தன் பணத்தைக் கலைப்புல மாணவர்களுக்கு மட்டும் எழுதிவைத்தார் என்பதாவது உனக்கு நினைவிருக்க வேண்டும். நடுக்கடலில் காற்று நின்று, பாய்கள் பதினொரு நாள் துவண்டு தொங்கி, குடிதண்ணீருக்காக மாலுமிகள் கத்தியை உருவவிருந்த நேரத்தில், கப்பலில் காசு கொடுக்காமல் ஏறியிருந்த ஓர் இலக்கிய மாணவன் ஒரே கதையைப் பதினொரு மாலையும் முடிக்காமல் இழுத்துக்கொண்டுபோனான். முடிவு தெரியாமல் சாகவோ கொல்லவோ ஒருவருக்கும் மனம் வரவில்லை. "எஞ்சினியருக்கு எவனும் சோறு போடுவான். கதை படிச்சவனுக்கு நான்தான் போடணும்" என்று கரை இறங்கியதும் சொன்னவர், சொன்னபடியே செய்தார். ஆனால் ஆளைத் தேர்ந்தெடுக்கும் முறையைத் தன் கப்பலிலிருந்தே எடுத்துக்கொண்டார். மாலுமி வேலைக்கு வருகிறவனிடம் அவர் மூன்று பேரின் சாட்சி கேட்பது வழக்கம்: ஒரு பாதிரியார், ஓர் ஆசிரியர், அவனோடு சண்டை போட்டு இன்னும் சமாதானம் ஆகாத ஒருவர். பாதிரியார் மன்னிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறார், ஆசிரியர் மறப்பதற்கு. பகைவன் ஒருவன்தான் சம்பளம் இல்லாமல் ஒரு மனிதனைக் கூர்ந்து பார்க்கிறான் என்பது அவர் கட்சி. அதையே பத்திரத்திலும் எழுதினார். விண்ணப்பத்தோடு மூன்று கடிதங்கள் வேண்டும். மூன்றாவது, விண்ணப்பிப்பவரின் பகைவர் அவருடைய குறைகளை உள்ளபடி எழுதிக் கையெழுத்திட்டதாக இருக்க வேண்டும்.

முன்பெல்லாம் இதில் சிரமம் இருந்ததில்லை. இந்தத் தீவில் பகைக்குப் பஞ்சமா? ஒவ்வொரு ஆண்டும் ஒரு கத்தை வசைக் கடிதங்கள் வரும். படிக்கச் சுவையாக இருக்கும். அவற்றின் பலத்தில் இருபத்தாறு பேர் பட்டம் வாங்கியிருக்கிறார்கள். பிறகு நீ பொறுப்பாளர்களில் ஒருவனாக வந்து, நடைமுறைக்கு ஏற்றது என்று சொல்லி ஒரு வரியைச் சேர்த்தாய்: மூன்று ஆண்டுகள் தொடர்ந்து யாருக்கும் வழங்கப்படாவிட்டால் தொகை முழுவதும் பல்கலைக்கழகத்தின் பொது நிதியில் கலந்துவிடும். பொது நிதி என்றால் அலுவலக அறைகளுக்குக் குளிர்சாதன இயந்திரம் வாங்கும் பணம் என்று நான் அப்போதே சொன்னேன். "கலை படிச்சு யாருக்குக்கா வேலை கிடைக்குது? இன்னும் பத்து வருஷத்துல விண்ணப்பிக்கவே ஆள் இருக்காது" என்றாய். போன ஆண்டுக்கு முந்தின ஆண்டு ஒருவரும் விண்ணப்பிக்கவில்லை. போன ஆண்டு ஒரு பையன் விண்ணப்பித்தான். அவனுடைய பகைவர் அவன்மேல் சுமத்திய குற்றங்கள் அளவுக்கு மீறிய உழைப்பு, அளவுக்கு மீறிய பணிவு என்ற இரண்டு. கடிதம் அவன் கையெழுத்திலேயே இருந்தது. திருப்பி அனுப்பினேன். ஆக, இது மூன்றாம் ஆண்டு. கடைசி நாள் ஆகஸ்ட் ஐந்து. நீ விலகிவிட்டாய்; பத்திரத்துக்கு மற்றப் பொறுப்பாளர்களில் உயிரோடிருப்பவள் நான் ஒருத்தி. நீ டொரொண்டோவில் உட்கார்ந்து நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாய் என்பது எனக்குத் தெரியும்.

ஜூன் கடைசியில் டெர்லீன் வந்தாள். படகுத்துறையில் மீன் வறுத்து விற்கும் இல்வா எனோவின் மகள். பத்தொன்பது வயது. வரலாற்றில் முதல் ஆண்டை அம்மாவின் சேமிப்பைக் கொண்டு முடித்துவிட்டாள். இரண்டாம் ஆண்டுக்குச் சேமிப்பு இல்லை. உதவித்தொகை கிடைத்தால் படிப்பு. கிடைக்காவிட்டால் செப்டம்பர் முதல் தேதியிலிருந்து ஃபெரிச் சீட்டு கிழிக்கும் வேலை, ஓய்வுபெறும்வரை. கெட்டிக்காரி என்று அவள் ஆசிரியர் எழுதியிருந்தார். எனக்குத் தெரிந்ததெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்தால் காலை ஆட்டிக்கொண்டே இருப்பாள் என்பதுதான்.

"ரெண்டு லெட்டர் இருக்கு டீச்சர். மூணாவதுக்குத்தான் ஆள் கிடைக்கல."

"உன்னோட சண்டை போட்டவங்க யாரு?"

"யாரும் இல்லியே."

"பத்தொன்பது வருஷமா இந்தத் தீவுல இருக்கே. ஒருத்தரோடகூடப் பகை இல்லியா? அப்ப என்னதான் பண்ணிட்டிருந்தே?"

"படிச்சிட்டிருந்தேன் டீச்சர்." காலை ஆட்டினாள். "உங்களுக்கு என்னைப் பிடிக்காதுன்னு அம்மா சொல்லும். நீங்களே எழுதிக் குடுத்துடுங்களேன்."

"உங்க அம்மாவுக்கு என்ன தெரியும்? உன்னைப் பத்தி எனக்கு எந்த அபிப்பிராயமும் கிடையாது. அது பகை ஆகாது."

நினைவைக் கிளறிப் பார்த்ததில் ஒரு சண்டை கிடைத்தது. நான்கு ஆண்டுகளுக்கு முன், அறுவடைக்குப் பின் ஆடுமாடுகளை அவிழ்த்துவிடும் காலம் முடிந்து, எல்லோரும் அவரவர் ஆட்டைக் கட்டிவிட்ட பிறகும் இல்வாவின் ஆடு மட்டும் காஸ்மோஸின் சோளத்தில் மேய்ந்திருக்கிறது. காஸ்மோஸை உனக்கு நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. உன் பந்தயப் படகு எஸ்மரால்டாவின் சுக்கானைப் பிடிப்பவன். அவன் ஆட்டைப் பிடித்துக் கட்டிவைத்துக்கொண்டான். டெர்லீன் அவன் வேலிக்கு வெளியே நின்று, தெரு முழுவதும் கேட்க, திருடன் என்று மூன்று முறை சொன்னாளாம். ஆட்டை அவன் கொடுக்கவில்லை, சொல்லை அவள் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. அப்பா பார்த்திருந்தால் மகிழ்ந்துபோயிருப்பார். நான் குடையை எடுத்துக்கொண்டு காஸ்மோஸிடம் போனேன். அவன் வலை பின்னிக்கொண்டிருந்தான்.

"இத யாரு கேக்குறாங்க டீச்சர்?"

"யுனிவர்சிட்டியில கேக்குறாங்க."

"அதான பார்த்தேன். வெளியாளுக்கு நம்ம புள்ளையப் பத்திக் குத்தம் எழுதிக் குடுக்கச் சொல்றீங்க."

"குத்தம் எழுதினாத்தான் அவளுக்குப் படிப்பு, காஸ்மோஸ்."

"குத்தம் சொன்னா படிக்கவைக்கிற ஊரு எங்க இருக்கு? இது ஏதோ விசா சமாச்சாரம். என் மச்சானுக்கும் இப்படித்தான் நல்லா பேசிக் கேட்டாங்க. அப்புறம் ப்ளேன்ல ஏத்தித் திருப்பி அனுப்பிட்டாங்க. நான் மாட்டேன்."

"அவ உன்னைத் திருடன்னு சொன்னா."

"சரியாத்தான சொன்னா. ஆடு அவங்க ஆடுதான?"

மறுநாள் காலை அவன் ஆட்டை ஓட்டிக்கொண்டுபோய் இல்வாவின் வாசலில் விட்டான். போனது ஓர் ஆடு. வம்சத்தோடு திரும்பி வந்தவை ஏழு. இல்வா அழுதாள். காஸ்மோஸ் அவள் கடையில் மீனும் சோளக்களியும் சாப்பிட்டுவிட்டுப் போனான். தீவில் டெர்லீனுக்கு இருந்த ஒரே பகையை நானே என் கையால் தீர்த்துவைத்தேன்.

அதோடு நிற்கவில்லை. பல்கலைக்கழகத்து ஆட்கள் டெர்லீனைப் பற்றித் தப்பாக எழுதச் சொல்லி வீடு வீடாக ஆள் அனுப்புகிறார்கள் என்று செய்தி பரவிற்று. அனுப்பப்பட்ட ஆள் நான். ஞாயிற்றுக்கிழமை பூசையில் பாதிரியார் அண்டை வீட்டாரின்மீது பொய்ச்சாட்சி சொல்லாதிருத்தலைப் பற்றி நாற்பது நிமிடம் பேசினார். பேசும்போது என் இருக்கையைப் பார்த்தார். பூசை முடிந்து, பத்து ஆண்டுகளாக இல்வாவோடு முகம் கொடுத்துப் பேசாதிருந்த ரம் கடைக்காரி அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "உன் பொண்ணு என் பொண்ணு மாதிரிடி, எவன் வந்து கேட்டாலும் அப்படித்தான் சொல்வேன்" என்றாள். ஒரே வாரத்தில் வின்ட்வர்ட்டில் ஆறு பழைய சண்டைகள் தீர்ந்தன. நான் நாட்காட்டியில் மிச்சமிருந்த நாட்களை எண்ணினேன்.

பிறகு தொலைபேசி வந்தது. பல்கலைக்கழகத்தில் கொடையாளர்களைக் கவனித்துக்கொள்வதற்கென்றே ஓர் அதிகாரி இருக்கிறார், பெயர் பியர், குரலிலிருந்து பார்த்தால் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டே தூங்குகிறவர்.

"வாழ்த்துகள் மேடம். இந்த மாணவிக்கு நாப்பத்திமூணு பரிந்துரைக் கடிதம் வந்திருக்கு. எங்க அலுவலகத்துல இந்த மாதிரி நடந்ததே இல்ல."

"அதுல எத்தனை பேர் அவளைத் திட்டியிருக்காங்க?"

சற்று நேரம் காகிதம் புரளும் சத்தம். "யாருமே திட்டல மேடம்."

"அப்ப எதுக்கு வாழ்த்து?"

"இன்னொரு விஷயம் மேடம். படிவத்துல 'விண்ணப்பதாரருக்கும் உங்களுக்கும் உள்ள உறவு'ன்னு ஒரு கட்டம் வருது. ஆசிரியர், மதகுரு, முதலாளி, மற்றவைன்னு நாலுதான் இருக்கு. பகைவர்னு இல்ல. புதுசா சேக்கணும்னா குழு கூடணும்."

"'மற்றவை'யில போடுங்க. உலகத்துல பாதிப்பேர் அதுலதான் இருக்காங்க."

டெர்லீனும் சும்மா இருக்கவில்லை. யாரும் பகைக்காவிட்டால் தானே போய்ப் பகைத்துக்கொண்டு வருகிறேன் என்றாள். வலியச் சண்டைக்குப் போவது எனக்கு உடன்பாடில்லை, ஆனாலும் தடுக்கவில்லை. ரொட்டிக்கடை ஃபைலோவைத் தேர்ந்தெடுத்தாள். முன்கோபி, நாக்கு நீளம், வாடிக்கையாளர்களை மாவுக்கரண்டியால் விரட்டியவள். கடை நிறைய ஆட்கள் இருந்த நேரமாகப் பார்த்து டெர்லீன் உள்ளே நுழைந்தாள். என்ன நடந்தது என்று பிறகு அவளே என்னிடம் சொன்னாள், தலையைக் குனிந்துகொண்டு.

"'உங்க ரொட்டி கல்லு மாதிரி இருக்கு ஆன்ட்டி, நாய்கூடத் திங்காது'ன்னேன்."

"சரி."

"'காலைல ஏதாவது சாப்பிட்டியா?'ன்னு கேட்டாங்க. இல்லன்னேன். 'அதான் பேச்சு இப்படி வருது, உக்காரு'ன்னு சொல்லி மீன் வெச்சு ரெண்டு ரொட்டி குடுத்தாங்க."

"நீ சாப்பிட்டியா?"

"பசிச்சுது டீச்சர். அப்புறம், 'கல்லு மாதிரிதான் இருக்கு, அடுப்பு சரியில்ல, மூணு மாசமா எவனாவது வாயத் தொறந்து சொல்வானான்னு பாத்துட்டிருந்தேன், நீதான் சொன்னே'ன்னு அழுதாங்க."

அன்று மாலை நாற்பத்துநான்காவது பரிந்துரைக் கடிதம் புறப்பட்டது.

இப்போது படகுப் பந்தயத்துக்கு வருகிறேன். உன் முழங்காலால் இந்த ஆண்டு நீ வர முடியவில்லை. என்ன நடந்தது என்பது உனக்குத் தொலைபேசி வழியாக, அதாவது பாதி குடித்தவர்கள் வழியாக, வந்து சேர்ந்திருக்கும். நடந்தது இதுதான். திங்கட்கிழமைப் பெரிய பந்தயத்தில் இரண்டாவது மிதவைக்கு அருகே கண்காணிப்புப் படகில் இருவரை உட்காரவைத்திருந்தார்கள். ஒருவர் ஐஸ்பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார். மற்றவள் டெர்லீன், கையில் நோட்டும் பென்சிலும். எஸ்மரால்டா முதலில் வந்தது. இரண்டு படகு நீளம் பின்னால் பெத்தி மார்த்தினிக் தீவின் படகு. காஸ்மோஸ் தூரத்தை மிச்சம் பிடிக்கப் பார்த்து மிதவையை ஒட்டித் திருப்பினான். மிதவையைத் தொட்டால் மறுபடி ஒருமுறை சுற்றி வர வேண்டும் என்பது விதி. அவன் சுற்றவில்லை. முதலாவதாகக் கரை சேர்ந்தான், மேளம் அடித்தார்கள், ரம் திறந்தார்கள், உன் படகின் பெயரைச் சொல்லிக் கடலுக்குள் குதித்தார்கள். அப்போது டெர்லீன் நோட்டை எடுத்துக்கொண்டு நடுவர்களின் கூடாரத்துக்கு நடந்து வந்தாள். நம் ஊர்ப் பெரிய மனிதர்கள் ஐந்து பேர் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"தொட்டுச்சு."

"எங்க தொட்டுச்சு?"

"இடது பக்கம், பின்னால. மூணு மணி இருபத்திரெண்டு நிமிஷம்."

"மிதவை அலையில ஆடியிருக்கும் பாப்பா."

"அலையில ஆடினா ரெண்டு பக்கமும் ஆடும். இது ஒரே பக்கமா சாஞ்சு அப்புறம் நிமிந்துச்சு."

"இது எந்த ஊருப் படகுன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியுமே. ஊர் பேரும் எழுதியிருக்கேன்."

"அழிச்சுடும்மா. பென்சில்தான."

"பாத்ததத்தான் எழுதினேன்."

நான் பக்கத்தில்தான் குடையோடு நின்றுகொண்டிருந்தேன். கத்பர்ட், அந்த ஐந்து முகங்களையும் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட ஆனந்தத்தை நான் பட்டம் வாங்கிய அன்றுகூட உணர்ந்ததில்லை. ஐந்து பகைவர்கள், கொழுத்த, உண்மையான பகைவர்கள், பொறுக்கி எடுத்துக்கொள்ளும் வசதிகூட இருந்தது. பையிலிருந்து காகிதத்தை எடுத்துவிட்டேன். அந்த நேரம் பார்த்துக் காஸ்மோஸ் ஈரத்தோடு வந்து நின்றான், தொப்பியைக் கழற்றினான். "புள்ள சொல்றது சரி. தொட்டுச்சு. சுக்கான்ல எனக்கே தெரிஞ்சுது. எவனும் பாக்கலன்னு வந்துட்டேன்" என்றான். ஐந்து பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், ஒருவர் சிரித்தார், பிறகு எல்லோரும் சிரித்தார்கள். பரிசு பெத்தி மார்த்தினிக்குக்குப் போயிற்று. அந்தத் தீவின் ஆட்களும் நம் ஆட்களும் சேர்ந்து அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு கடற்கரையைச் சுற்றி வந்தார்கள். இனி அவளுக்கு இரண்டு தீவுகளிலும் பகைவர் கிடையாது. நான் காகிதத்தை மடித்துப் பையில் வைத்தேன்.

செவ்வாய்க்கிழமை அவள் வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்கார்ந்தாள்.

"ஃபெரி வேலைக்கு வர்றேன்னு சொல்லிட்டேன் டீச்சர். யூனிஃபார்முக்கு அளவு எடுத்துட்டாங்க."

"வெள்ளிக்கிழமை வரைக்கும் நாள் இருக்கு."

"மூணு நாள்ல யாரு என்னை வெறுக்கப்போறாங்க?"

அழவில்லை. காலை ஆட்டவும் இல்லை. உயர்ந்த படிப்புக்கான வழி, நல்லவளாக இருந்த ஒரே காரணத்தால் அடைபட்டுப்போன ஒரு பெண்ணிடம் என்ன சொல்வது என்று எந்தப் பல்கலைக்கழகத்திலும் எனக்குச் சொல்லித்தரவில்லை. பழரசம் கொடுத்து அனுப்பினேன்.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு உன் மின்னஞ்சல் வந்தது.

நூலகத்தில் அச்செடுத்து வாங்கினேன். பந்தயக் குழுவுக்கு எழுதி, எனக்கு நகல் அனுப்பியிருந்தாய். இரண்டு பக்கம். அதிலிருந்து சில வரிகளை உனக்கே திருப்பித் தருவதில் எனக்குள்ள மகிழ்ச்சியை நீ மன்னிக்க வேண்டும். "இந்தப் பெண் பிடிவாதக்காரி, அகம்பாவி. வயதிலும் அனுபவத்திலும் மூத்த ஐந்து பேர் வற்புறுத்தியும் தான் எழுதிய ஒரு வரியை அழிக்க மறுத்திருக்கிறாள். சொந்த ஊர் என்ற பற்று இல்லை. பெரியவர்களின் மனநிலையைப் பார்த்து நடந்துகொள்ளும் பண்பு இல்லை. 'பார்த்ததைத்தான் எழுதினேன்' என்பதைத் தவிர வேறு பதில் சொல்லத் தெரியவில்லை. நோட்டும் பென்சிலும் கையில் கிடைத்தால் இவள் யாரையும் விட்டுவைக்க மாட்டாள். இவளுக்கு எந்தப் பொறுப்பும் தரக் கூடாது என்று வன்மையாகக் கேட்டுக்கொள்கிறேன்." கோபத்திலும் நீ ஒழுங்கு தவறாதவன். கீழே கையெழுத்திட்டு, தேதி போட்டு, ஓய்வுபெற்ற மண்டல மேலாளர் என்றும் எழுதியிருந்தாய்.

நான் அதை மூன்று முறை படித்தேன். பிறகு நூலகப் பெண்ணிடம் இன்னொரு பிரதி எடுக்கச் சொல்லி, மூன்றாவது கடிதம் என்று மேலே எழுதி, அங்கிருந்தே கணினி வழியாகப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினேன். எனக்கு அனுப்பப்பட்ட நகல் என்னுடையது. என்னுடையதை யாருக்கும் அனுப்ப எனக்கு உரிமை உண்டு. பத்து நிமிடத்தில் பியர் அழைத்தார்.

"மேடம், இவர் நிஜமாவே பகைவர்தானா? குடும்பப் பேர் உங்க பேர் மாதிரியே இருக்கே."

"என் தம்பி. பகைன்னு வந்தா அவன் அரைகுறையா எதுவும் செய்ய மாட்டான்."

"இந்தக் கருத்துல உறுதியா இருக்கீங்களான்னு எங்க கணினி அவருக்கு ஒரு கேள்வி அனுப்பும். அவர் இல்லன்னுட்டா ஒண்ணும் பண்ண முடியாது."

அதனால்தான் தம்பி, அன்றிலிருந்து உன் அழைப்பை நான் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் என் குரலிலேயே உனக்குத் தெரிந்துபோயிருக்கும். அந்தக் கேள்வி எதற்கு வருகிறது என்று அறிந்திருந்தால் நீ உடனே எல்லாவற்றையும் திரும்பப் பெற்றுக்கொண்டு, அவளை மாதரசி என்று எழுதியிருப்பாய். ஆனால் நீ நான்கே நிமிடத்தில் பதில் எழுதினாய்: "ஆம். இன்னும் கடுமையாக எழுதியிருக்க வேண்டும்." அதையும் கோப்பில் சேர்த்துக்கொண்டார்கள்.

பத்தொன்பதாம் தேதி தேர்வுக்குழு கூடியது. நான் தொலைபேசி வழியாக. பியர் நாற்பத்துநான்கு பாராட்டுகளையும் ஒரு பெட்டியில் வைத்து மூடிவிட்டு உன் கடிதத்தை மட்டும் வாசித்தார். வரலாற்றுத் துறைத் தலைவி டாக்டர் அகஸ்டின் மறுபடி வாசிக்கச் சொன்னார். "அஞ்சு பேர் மிரட்டியும் பாத்தத மாத்திச் சொல்லலியா? முப்பது வருஷமா பாடம் நடத்துறேன். எந்த மாணவரைப் பத்தியும் இப்படி ஒரு வரி என்னால எழுத முடிஞ்சதில்ல. எழுதினவர் ரொம்ப நியாயமான மனுஷரா இருக்கணும்" என்றார். நான் அதை மறுக்கவில்லை. அது கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் இல்லை. மூன்று பேரும் ஒரே மனதாக ஒப்புக்கொண்டோம். மீதி இரண்டு ஆண்டுகளுக்கும் தொகை உண்டு, தங்குமிடம், புத்தகம் உட்பட.

போன ஞாயிறு காலை ஃபெரியில் அவள் புறப்பட்டாள். சீட்டு கிழிக்க வேண்டிய ஃபெரியில் சீட்டு வாங்கிக்கொண்டு ஏறினாள். கொடையாளர்களுக்கு நன்றிக் கடிதம் எழுத வேண்டும் என்பது பல்கலைக்கழக வழக்கமாம். பகைவருக்கும் எழுத வேண்டுமா என்று என்னிடம் கேட்டாள். வேண்டாம் என்றேன். எனவே அவள் சார்பில் நான் எழுதுகிறேன்: அப்பாவின் விருப்பத்தை அவருடைய மகன், தன்னை அறியாமலும் தன் கருத்துக்கு முற்றிலும் மாறாகவும், நிறைவேற்றிவைத்தமைக்கு நன்றி. கலைப்புலத்துக்கு ஆள் வராது என்றவன் கையாலேயே ஆள் போய்ச் சேர்ந்ததை எனக்கு உயிர் உள்ளவரை உனக்கு நினைவூட்டிக்கொண்டிருக்க உத்தேசம்.

க்ளோட்டில்டாவுக்கு என் அன்பு. பிள்ளைகள் கேட்டால் சொல். கேட்காவிட்டால் தொந்தரவு செய்யாதே. அப்பாவின் ஆசியும் அம்மாவின் ஆசியும் உன் முழங்காலுக்கு முதலிலும் மற்ற பாகங்களுக்குப் பிறகும் கிட்டுவதாக. குளிர் தொடங்குமுன் கம்பளி உள்ளாடைகளை வெயிலில் போடு.

வெற்றிபெற்ற உன் அக்கா,
யூஃபிமியா மக்லாரன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் காஸ்மோஸ் பூசணிக்காய் கொண்டுவந்தான். கடிதம் யாருக்கு என்று கேட்டான், சொன்னேன், வெற்றியைப் பற்றியும் கொஞ்சம் சொன்னேன். அவன் பூசணிக்காயைக் கீழே வைத்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"கத்பர்ட் அண்ணன் பந்தயத்தன்னிக்கு ராத்திரியே எனக்குப் போன் போட்டாரே டீச்சர். படகு தொட்டுச்சான்னு கேட்டார். தொட்டுச்சுன்னேன். சிரிச்சார். 'அந்தப் பொண்ணுக்கு மூணாவது லெட்டர் எழுத இன்னும் ஆள் கிடைக்கலியாமே'ன்னார். கிடைக்கலன்னேன். 'சரி, நான் ஒரு கோபக் கடிதம் எழுதணும், ரெண்டு நல்ல வார்த்தையாச் சொல்லு'ன்னார். 'அகம்பாவி' நான் குடுத்ததுதான்."

"அப்ப எதுக்கு எனக்குப் பதினேழு தடவ போன் பண்ணான்?"

"காரம் போதுமான்னு கேக்கத்தான். நீங்க எடுக்கலன்னதும் விட்டுட்டார், அப்புறந்தான் மனச மாத்திக்கிட்டார். 'அக்காகிட்ட சொல்லிடாதடா, ஜெயிச்ச சந்தோஷத்துல இன்னும் ஒரு பத்து வருஷம் இருக்கட்டும்'னார். ஐயோ, சொல்லிட்டேனே."

கத்பர்ட், இதை நான் மன்னிக்கப்போவதில்லை. அது தனி விஷயம்; அதற்குத் தனிக் கடிதம் எழுதுவேன். அவசரமானது வேறு. உனக்கு அந்தப் பெண்மேல் பகையே கிடையாது என்றால் மூன்றாவது கடிதம் பொய்; பத்திரப்படி உதவித்தொகை செல்லாது; பொறுப்பாளர் என்ற முறையில் அதை நானே பல்கலைக்கழகத்துக்குத் தெரிவித்தாக வேண்டும். என் வாழ்நாளில் எந்தப் பத்திரத்தின்கீழும் நான் பொய்க்குத் துணைபோனதில்லை. எண்பத்தொரு வயதில் தொடங்கும் எண்ணமும் இல்லை. ஆகவே டெர்லீனைத் தொலைபேசியில் பிடித்தேன். முதல் ஆண்டில் அவள் எழுதிய நீண்ட கட்டுரை ஒன்று இருக்கிறதாம்: நம் அப்பா பதினெட்டு ஆண்டுகள் பிரெஞ்சுத் தீவுகளிலிருந்து ரம்மைத் தவிர வேறு எதையும் ஏற்றிவந்ததில்லை, அதில் ஒரு பீப்பாய்க்குக்கூடச் சுங்கம் கட்டியதில்லை என்பதைத் தேதிவாரியாக நிறுவுகிறது. நீ கோயிலில் அப்பா பெயரில் நேர்மையான வணிகர் என்று கல் பதித்தவன். இந்தக் கடிதம் உன் கைக்கு வந்துசேர நாள் விட்டு, இந்த மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்கு அவள் உன்னை அழைத்து, கட்டுரையை முதல் பக்கத்திலிருந்து வாசிப்பாள். உனக்கு உண்மையாகவே கோபம் வரும்வரை தொலைபேசியை வைக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.